புது கேம்ரி ஹைபிரிட்: கடலூரில் வைத்துக் கட்டுப்படியாகுமா?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

வணக்கம். எனக்குத் திருப்பாதிரிப்புலியூர். முந்திரிப் பருப்பு வியாபாரம். ஒரு டீசல் செடானைப் பத்து வருடத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்ஜினைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏ.சி., சஸ்பென்ஷன், பவர் விண்டோ என்று மாதத்துக்கு ஒன்று கை நீட்டுகிறது. இனி அதில் பணம் போடுவதாக இல்லை.

பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் வண்டியான புது டொயோட்டா கேம்ரியைப் புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டப வாசலில் பார்த்தேன். அன்றிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. பழைய கேம்ரியைப் பார்த்தால் ரிட்டயர்ட் ஆன பெரிய ஆபீசர் வண்டி மாதிரி தெரியும். இது அப்படி இல்லை, முகமே மாறிவிட்டது. ஷோரூமில் விசாரித்தால் எல்லாமே புதுசு சார், ஐந்தாம் தலைமுறை ஹைபிரிட் சார், லிட்டருக்கு 25 சார் என்கிறார்கள். விற்கிறவர் அப்படித்தான் சொல்வார், அவர் பிழைப்பு. ஓட்டுகிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வீட்டில் நாலு பேர். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், ஒன்றில் ஆபரேஷன் முடிந்தது. அவரைப் புதுச்சேரிக்குச் செக்கப்புக்கு அழைத்துப் போக வேண்டும். நான் வியாபாரத்துக்காக அடிக்கடி ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகச் சென்னை போய் வருவேன். டிரைவர் கிடையாது, நானேதான் ஓட்டுவேன்.

மகன் இன்னோவா ஹைகிராஸ் எடுக்கச் சொல்கிறான். எனக்கு உயரமான வண்டியில் இஷ்டம் இல்லை. சரி, அது என் ருசி, அதை விடுங்கள்.

தெரிய வேண்டியது இதுதான். உண்மையிலேயே எவ்வளவு மாறியிருக்கிறது? மைலேஜ் எவ்வளவு வரும்? அம்மா ஏறி இறங்கச் சரிப்படுமா? வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு அறுபது லட்சத்தைத் தொடுகிறது. அதில் பதியும்போது ஒரே தடவையாகக் கட்டுகிற சாலைவரி, அதான் லைஃப் டாக்ஸ், மட்டும் ஒன்பதரை லட்சம் என்றதும் எனக்கு வேர்த்துவிட்டது. இருபது கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் பதிவு செய்தால் பாதிகூட ஆகாதாம். செய்யலாமா? கடைசியாக, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் ஏரியா வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஹைபிரிட் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்கிறார்கள். தண்ணீர் வந்தால் என்ன ஆகும்?

---

லாஸ்பேட்டை டாக்டர் (புதுச்சேரி) எழுதியது:

வணக்கம் சார். 2019-இல் வந்த கேம்ரியை வைத்திருந்தேன். அதைக் கொடுத்துவிட்டுப் புதிதை எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. நானும் நானேதான் ஓட்டுகிறேன். நள்ளிரவில் பிரசவத்துக்குக் கூப்பிட்டால் டிரைவரை எழுப்பிக்கொண்டிருக்க முடியாது. இரண்டையும் ஓட்டியவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"எல்லாமே புதுசு" என்பது பாதி உண்மை. டேப்பை வைத்து அளந்தால் தெரியும். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 2825 மில்லிமீட்டர், முன்பும் அதுதான். அகலம் 1840, உயரம் 1455, இரண்டும் மாறவில்லை. நீளம் மட்டும் 4885-இலிருந்து 4920 ஆகியிருக்கிறது, அதுவும் மூக்கிலும் வாலிலும். ஆக, உட்காருகிற இடம் அதே இடம். பின்சீட்டில் கால் நீட்டப் பழையதிலும் தாராளமாக இருந்தது, இதிலும் இருக்கிறது. பட்டனில் சாயும் பின்சீட்டு, நடுக் கைப்பிடியில் ஏ.சி., பாட்டு, திரைச்சீலைக்கான பட்டன்கள், இவையெல்லாம் பழையதிலும் உண்டு.

மாறியது முன்பாதி. டாஷ்போர்டில் 12.3 அங்குலத்தில் இரண்டு திரை. பழைய வண்டியின் திரையைப் பார்த்தால் என் மகள் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை, அவ்வளவுதான். பேட்டரி நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடிலிருந்து லித்தியம்-அயானுக்கு மாறியிருக்கிறது. 2487 சி.சி. என்ஜின் பழைய குடும்பம்தான். மோட்டாரையும் சேர்த்து 218 குதிரைத்திறன் இருந்தது, இப்போது 230. காகிதத்தில் சின்ன வித்தியாசம். கையில் நன்றாகவே தெரிகிறது, குறிப்பாக ஐம்பதிலிருந்து எண்பதுக்குப் போகும்போது. ஈ.சி.ஆரில் மணல் லாரியைத் தாண்ட நினைத்துக் காலை வைத்தால், முன்பு ஒரு கணம் யோசிக்கும். இது யோசிப்பதில்லை. ஆனால் ஒரேயடியாக மிதித்தால் என்ஜின் கத்துகிற கத்தல் இன்னும் போகவில்லை. இதில் வழக்கமான கியர் பெட்டி கிடையாது. இரண்டு மோட்டாரும் ஒரு பல்சக்கரத் தொகுதியும் சேர்ந்து என்ஜினை எந்தச் சுற்றில் வைப்பது என்று முடிவு செய்கின்றன. வேகம் ஏறுவதற்கு முன்பே சத்தம் ஏறிவிடும். உங்கள் டீசலில் கியர் மாறி மாறி இழுத்துப் பழகிய காலுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும்.

மைலேஜ். கம்பெனி சொல்வது 25.49. அது சோதனைக் கூடத்து எண். எனக்கு ஊருக்குள் பதினெட்டிலிருந்து இருபது வரை வருகிறது. ஈ.சி.ஆரில் நூறைத் தாண்டி நிலையாகப் போனால் பதினேழுக்குப் பக்கம். ஆமாம், ஊருக்குள்தான் அதிகம். இந்த வகை வண்டியின் குணமே அது. ராஜீவ் காந்தி சிக்னலிலிருந்து இந்திரா காந்தி சதுக்கம் வரை நின்று நின்று ஊர்கிற நேரத்தில் என்ஜின் பாதிக்கு மேல் தூங்குகிறது, மோட்டார்தான் இழுக்கிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஹைவேயில் அந்த வித்தைக்கு வேலை இல்லை. நீங்கள் முக்கால்வாசி ஓட்டம் சென்னை ரோடுதான் என்றால், மைலேஜை நம்பி வாங்காதீர்கள். இப்போது போடுகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலிலும் கொஞ்சம் குறையும். எத்தனாலுக்குப் பெட்ரோலை விட வெப்பம் குறைவு, அது எந்த வண்டிக்கும் பொது.

மைலேஜை விட எனக்கு உபயோகமாக இருப்பது வேறொன்று. இதில் ஏ.சி. கம்ப்ரெஸரை என்ஜின் பெல்ட் சுற்றுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் மே மாத வெயிலில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்கள் சீட்டு எழுதப் போனால், என்ஜின் அணைந்திருக்கும், ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்கும்போது என்ஜின் தானாக எழுந்து கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுபடி அடங்கும். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. இதை எந்த ஷோரூம்காரரும் எனக்குச் சொல்லவில்லை.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன், இது என் தொழிலுக்குப் பக்கத்தில் வருவது. கேம்ரி தாழ்வான வண்டி. ஆபரேஷன் ஆன காலுக்குத் தாழ்வான சீட்டும் கஷ்டம், மிக உயர்ந்த படியும் கஷ்டம். முழங்காலைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கி, அதே நிலையில் உடம்பு எடையைத் தூக்கி எழுந்திருப்பதுதான் வலி. ஏறும் முறையைச் சொல்லிக்கொடுங்கள்: முதலில் முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால் சீட்டில் படும் வரை நகர்ந்து, ஆபரேஷன் செய்த காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். பட்டுப் புடவையோ ஒரு பிளாஸ்டிக் பையோ சீட்டில் இருந்தால் வழுக்கித் திரும்ப எளிது. ஏறுவது இப்படிச் சமாளித்துவிடலாம். இறங்குவதுதான் பரீட்சை. நடைபாதை ஓரமாக நிறுத்தினால் தரை உயர்ந்துவிடும், சீட்டு இன்னும் தாழ்ந்துவிடும். என் மாமியார் முன்சீட்டில்தான் உட்காருவார். முன்சீட்டை மோட்டாரில் உயர்த்தலாம், பின்சீட்டை உயர்த்த முடியாது. பின்சீட்டுச் சொகுசுக்கு என்று பணம் கொடுத்துவிட்டுப் பெரியவரை முன்னால் உட்கார வைக்கிற வேடிக்கை எங்கள் வீட்டில் நடக்கிறது.

அதனால் மகன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். ஹைகிராஸ் சீட்டு உயரம் பெரும்பாலான முழங்கால்களுக்கு ஒத்துப்போகிறது, உட்கார்ந்தபடியே நகரலாம். அதிலும் இதே ஹைபிரிட் தத்துவம்தான், என்ஜின் மட்டும் இரண்டு லிட்டர். விலையும் பல லட்சம் குறைவு. ஓட்டுகிற சுகத்தில் கேம்ரி பக்கத்தில் நிற்காது. அது உங்கள் ருசி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

டிரைவர் உதவி அமைப்பைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். இந்தியக் கேம்ரிக்கு இது இப்போதுதான் வந்திருக்கிறது. முன்வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ராடார் குரூஸ், தானாகப் பிரேக், ரோட்டுக் கோட்டைத் தாண்டாமல் வண்டியைப் பிடித்து வைப்பது. தவளக்குப்பத்தில் குரூஸ் போட்டுப் பாருங்கள். முன்வண்டிக்கும் நமக்கும் அது மரியாதையாக இடம் விடும். அந்த இடத்தில் இரண்டு பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் நுழைந்துவிடும். அது மறுபடி மரியாதையாகப் பின்வாங்கும். வேலை நடக்கிற இடங்களில் பழைய வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுக்கும். அந்தக் கோட்டு வேலையை நான் அணைத்துவிட்டேன். தானாகப் பிரேக் போடுவதை மட்டும் அணைக்கவில்லை. இருட்டில் விளக்கில்லாத டிராக்டர் ஒன்று முன்னால் வந்தபோது என் காலுக்கு முன்னால் அது பிரேக்கைப் பிடித்தது. சுற்றிலும் காட்டும் கேமரா நம் சந்துகளுக்கு அருமை. ஆனால் கடற்கரை ஊர் இல்லையா, உப்புப் படலம் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும். பனிமூட்டத்தில் பார்ப்பது போல ஆகிவிடும். ஒரு ஈரத்துணி கதவில் வைத்திருக்கிறேன்.

வயிறு தட்டுமா என்றால், தட்டும். நாலு பேர் உட்கார்ந்தால் சில ஸ்பீடு பிரேக்கர்களைக் குறுக்காக ஏறித்தான் இறங்க வேண்டும். டயர் 18 அங்குலம், பக்கச்சுவர் குறைவு. மழைக்குப் பிந்திய பள்ளங்களில் நான் வேகத்தைப் பாதியாக்குகிறேன்.

வரி, வெள்ளம் இரண்டுக்கும் என்னை விடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது பின்பாதி. அதாவது இடம், அமைதி, ஆட்டாத சஸ்பென்ஷன். அது 2022-இல் முகம் திருத்தி வந்த பழைய கேம்ரியிலேயே இருக்கிறது. புதிதுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது முன்பாதிக்குத்தான். ஆகவே ஹைகிராஸ், ஸ்கோடா சூப்பர்ப் என்று ஒப்பிடுவதற்கு முன்னால், மூன்று வருடம் ஓடிய தமிழ்நாட்டுப் பதிவு கேம்ரி ஒன்றைத் தேடிப் பாருங்கள். புதுக் கேம்ரிக்கு உண்மையான போட்டி அதுதான் என்பது என் கருத்து.

---

கணக்கு வழக்கு (மஞ்சக்குப்பம்) எழுதியது:

டாக்டரம்மா கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் சொல்லியிருப்பேன். வரிக் கணக்கு போட்டால் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் லைஃப் டாக்ஸை மாற்றினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் இருபது வரை 18 சதவீதம், இருபதுக்கு மேல் 20 சதவீதம். வண்டி 2024 டிசம்பர் 11 அன்று 48 லட்சத்துக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. மாறியபோது இந்த அளவு ஹைபிரிடுக்கு 43 சதவீதம் என்றிருந்த மொத்த வரி 40 ஆனது, விலை கொஞ்சம் இறங்கியது. இறங்கியும் லைஃப் டாக்ஸ் ஒன்பதரை லட்சத்தை ஒட்டித்தான். மின்காருக்குத் தமிழ்நாடு கொடுத்த சாலைவரி விலக்கு ஹைபிரிடுக்கு இல்லை. உத்தரப்பிரதேசத்தில் 2024-இல் ஹைபிரிடுக்கும் கொடுத்தார்கள். இங்கே ஹைபிரிடைப் பெட்ரோல் வண்டியாகத்தான் பார்க்கிறார்கள்.

வருடத்துக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பதினொன்று கொடுக்கிற பெரிய பெட்ரோல் செடானுக்குப் பதில் பதினெட்டு கொடுக்கிற இது. லிட்டர் 102 ரூபாய் என்றால் வருடம் மிஞ்சுவது ஐம்பத்து நாலாயிரம். அந்த ஒன்பதரை லட்சத்தை மட்டும் பெட்ரோலில் திரும்ப எடுக்கப் பதினேழு வருடத்துக்கு மேல் ஆகும். எனவே சேமிப்பு என்ற பேச்சை எடுக்காமல், ஆசைக்கு வாங்குகிறேன் என்று வாங்குங்கள். தப்பே இல்லை.

பழைய தமிழ்நாட்டு வண்டிக்கு லைஃப் டாக்ஸ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மாநிலத்துக்குள்ளேயே பெயர் மாற்றினால் மறுபடி கேட்க மாட்டார்கள். வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று கர்நாடகத்திலிருந்து கொண்டுவந்தால் அந்த லாபம் இங்கே வரியில் போய்விடும்.

புதுச்சேரிப் பதிவு. உங்களுக்கு அங்கே வீடோ தொழில் இடமோ உண்மையாக இருந்து, வண்டியும் அங்கேயே நின்றால் தாராளமாகச் செய்யலாம். உறவினர் வீட்டு முகவரியைக் காட்டிப் பதிந்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் நிறுத்துவதென்றால் வேண்டாம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவே சொல்கிறது. பொய் முகவரி என்றால் வரியோடு வழக்கும் வரும். 2017-இல் கேரளச் சினிமாக்காரர்கள் சிலர் இதே புதுச்சேரி முகவரி வேலையில் மாட்டி நாடு முழுக்கச் செய்தியானது. அவர்களாவது தூரத்து ஊர்க்காரர்கள். உங்கள் வண்டி தினம் ஆல்பேட்டைப் பாலத்தைத் தாண்டும்.

பெட்ரோலைப் புதுச்சேரியில் போட்டுக்கொள்ளுங்கள், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. வியாபாரப் பெயரில் எடுத்தால் ஜி.எஸ்.டி. திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த மாதிரிப் பயணக் காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை வியாபார வரியில் கழித்துக்கொள்ள முடியாது. தேய்மானம் வருடம் 15 சதவீதம் காட்டலாம், அது உண்டு. பில்லில் ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்று, விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரியாகப் பிடிப்பார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கெல்லாம் பிடிப்பதுதான். அது தொலைந்த காசு இல்லை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் பான் எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

---

சார்ஜர் தம்பி (புதுச்சேரி) எழுதியது:

2025-இலும் பெட்ரோலா அண்ணே? அந்தக் காசுக்கு பி.ஒய்.டி. சீல் மின்கார் எடுங்கள். லைஃப் டாக்ஸும் இல்லை, புகையும் இல்லை, மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டும்.

---

லாஸ்பேட்டை டாக்டர் எழுதியது:

தம்பி, ஓட்டிப் பார்த்தேன். அருமையான வண்டி. ஆனால் தரைக்கு அடியில் பேட்டரிப் பலகை இருப்பதால் பின்னால் தளம் உயர்ந்து, உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கி நிற்கிறது. இவர் கேட்பது எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு. உங்கள் முதுகு சீட்டில் ஒட்டட்டும், அந்தம்மாவுக்கு வேண்டாம்.

---

வில்லியனூர் ரோடு வொர்க்‌ஷாப் எழுதியது:

சார், தண்ணீர் விஷயத்துக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமிருந்து வந்த வண்டிகளைப் பார்த்து எங்கள் பையன்களுக்கே வெறுத்துவிட்டது. அடுத்த இரண்டாம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்து, உங்கள் பக்கம் தென்பெண்ணை வந்தது.

ஹைபிரிட் என்றால் தண்ணீரில் நின்றதும் ஷாக் அடிக்கும் என்று பயப்பட வேண்டாம். உயர் மின்னழுத்தப் பேட்டரியும் ஆரஞ்சு நிறக் கேபிள்களும் தனியாக மூடியவை, கசிவு தெரிந்தால் சிஸ்டமே இணைப்பைத் துண்டித்துவிடும். பயப்பட வேண்டியது பில்லுக்கு. பேட்டரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது, வண்டியோ தாழ்வு. கதவுப் படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தால், சாதா பெட்ரோல் வண்டியில் கார்ப்பெட்டைக் கழற்றிக் காயவைத்துச் சமாளிக்கிற வேலை இதில் முடியாது. உள்ளே தண்ணீர் வந்தது தெரிந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது. ஆரஞ்சுக் கேபிளை உள்ளூர் எலக்ட்ரீஷியனிடம் காட்டவும் கூடாது. நேராகத் தூக்கும் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஓடும்போது தண்ணீர் குடித்து என்ஜின் பூட்டிக்கொண்டால் சாதாரண பாலிசியில் பணம் கிடைக்காது. என்ஜின் புரொடெக்ட் தனியாக எடுக்க வேண்டும், ஹைபிரிட் பேட்டரிக்கும் தனி கவர் இருந்தால் அதையும் சேருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மேட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள். உங்கள் ஊரில் பாலத்து மேலேயே வரிசையாக நிறுத்துகிறார்களே, அந்த மாதிரி.

நல்லதும் சொல்கிறேன். இந்த வண்டியில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது. எங்களுக்கு வருமானம் தருகிற மூன்று சாமான் காலி. பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது, மோட்டாரே பாதி நிறுத்திவிடுகிறது. பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி இருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தைக் கவனிக்க வேண்டும். பேட்டரியைக் குளிர வைக்க பின்சீட்டுப் பக்கம் காற்று உறிஞ்சுகிற வாய் ஒன்று இருக்கும், சின்னச் சின்னக் கம்பி போட்ட சன்னல் மாதிரி. அதற்குப் பின்னால் ஃபில்டர். ஒரு வண்டியில் அதைக் கழற்றினேன். சில்வர் பீச் மணல், நாய் முடி, குழந்தை தின்ற முறுக்குத் தூள், எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி இறுகியிருந்தது. காற்று எங்கே போகும்? பேட்டரி சூடாகி விளக்கு எரிந்தது. பேட்டரி போச்சு என்று அழுதுகொண்டு வந்தார்கள், சுத்தம் செய்து மாட்டினதும் விளக்கு அணைந்தது. அந்த வாயை ஒட்டித் தலையணை, பை எதையும் வைக்காதீர்கள். கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

பழைய கேம்ரி தேடுவது நல்ல யோசனைதான். ஆனால் சென்னை வண்டி என்றால் உஷார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் குளித்த வண்டி எத்தனையோ பாலீஷ் போட்டுச் சந்தைக்கு வந்திருக்கிறது. பின்சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறிய வண்டி என்றால் அந்தக் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும், அதைத் துவைக்க யாருக்கும் தோன்றாது. முன்சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே மூக்கை விட்டு மோந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலே சந்தேகம்தான். அப்புறம் கம்பெனி சர்வீஸில் ஹைபிரிட் பேட்டரி சோதனை ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுக்கிற ஆளிடம் பேச்சே வேண்டாம்.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. புதுச்சேரிப் பதிவை மறந்துவிட்டேன், கணக்கு வழக்கு சார் சொன்னதைப் படித்துவிட்டு வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

டாக்டரம்மா சொன்ன மாதிரி அம்மாவை ஷோரூமுக்கே அழைத்துப் போனேன். ஏறிவிட்டார். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு முயற்சி. முன்சீட்டை உயர்த்தி உட்கார வைத்ததும் ஒரே தடவையில் எழுந்தார். வண்டி எப்படி என்றேன். "சத்தமே இல்லையே, ஓடுதா நிக்குதா?" என்றார். பக்கத்தில் நின்ற ஹைகிராஸில் நடுவரிசையில் பிடிமானம் இல்லாமலே ஏறி இறங்கிவிட்டார், மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

என்றாலும் மனசு செடானில்தான். 2022 மாடல், ஒரே கை, தமிழ்நாட்டுப் பதிவு, சென்னையில் முப்பதை ஒட்டிக் கேட்கிறார்கள். புதிதாக வந்தபோது லைஃப் டாக்ஸ், இன்ஷூரன்ஸ் சேராமல் 41.70 லட்சமாம். டாக்டரம்மா, அதில் ராடார் பிரேக் இல்லை. அந்த டிராக்டர் கதையைப் படித்ததிலிருந்து அதுதான் உறுத்துகிறது. அது இல்லாமல் எடுக்கலாமா?

---

லாஸ்பேட்டை டாக்டர் எழுதியது:

நீங்கள் இரவில் ஈ.சி.ஆரில் தனியாக எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அது அதிகம் என்றால் எனக்கு ராடார் பிரேக் உள்ள வண்டிதான் பிடிக்கும், அது கேம்ரியோ ஹைகிராஸின் மேல் வேரியன்டோ. பகல் ஓட்டம்தான் என்றால் 2022 போதும். காற்றுப்பை பழையதிலும் ஒன்பது இருக்கிறது, அதில் குறைவில்லை. பேட்டரி வாரன்டி முதலில் வாங்கிய தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள், ஆக உங்கள் கைக்கு வரும்போது நாலு வருடம்போல மிச்சம் இருக்கும். சர்வீஸ் தவறாமல் கம்பெனியில் செய்திருக்கிறதா என்று ரெக்கார்டைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது விற்கிறவர் சொல்லும் அகலமான ரோட்டில் மட்டும் போகாதீர்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு மோசமான ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குங்கள், வயிறு தட்டுகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் பாட்டை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். முதல் சில மீட்டர் மோட்டாரிலேயே போக வேண்டும். பேட்டரியில் சார்ஜ் இருந்தும், என்ஜின் சூடேறிய பிறகும், ஒவ்வொரு தடவையும் உடனே என்ஜின் எழுந்தால் அந்தச் சோதனை ரிப்போர்ட் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு முன்சீட்டு என்றால், அந்த 2022 வண்டியில் முன்பக்கப் பயணி சீட்டும் மோட்டாரில் உயர்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள். போனில் கேட்டால் எல்லாரும் "இருக்கு சார்" என்பார்கள்.